பிள்ளையின் எடையும் வீட்டின் வேலையும்: குடும்பமாகச் செய்யும் ஆறு மாதத் திட்டம்

பிள்ளைக்கு எடை கூடுதல் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு தாளையும் கையில் கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்த பிறகு எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது? ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கணக்கே வேறு. மருத்துவர் துணையில்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

நான் உணவியல் ஆலோசகர். சனிக்கிழமை மாலைகளில் ஐந்தாறு குடும்பங்களை ஒன்றாக உட்காரவைத்து இந்தத் திட்டத்தை நடத்துகிறேன். பாதியில் நின்றுபோகும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே தவறுதான் நடந்திருக்கிறது: முதல் நாளே பிள்ளையின் தட்டில் கை வைத்திருப்பார்கள். தட்டு இங்கே ஆறாவது படி. அதற்கு முந்தைய ஐந்தும் பெரியவர்களின் வேலை.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு எடை இயந்திரம், சுவரில் ஒட்ட ஒரு அளவுநாடா, நாற்பது பக்க நோட்டு ஒன்று, சமையலறையில் ஒரே அளவுள்ள குழம்புக் கரண்டி, வாரத்தில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் வீட்டில் சமைப்பவர், மளிகை வாங்குபவர், பிள்ளைக்குக் காசு கொடுப்பவர் என மூவருமே இருக்க வேண்டும். ஒருவர் வரவில்லை என்றாலும் திட்டம் அவர் பக்கமாக ஓட்டை விழும்.

ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், விலை உயர்ந்த விதைகள் எதுவும் தேவையில்லை. ஒரு தாய் மருத்துவமனையில் கொடுத்த உணவுப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று வேளையும் அவர்கள் தெருவில் கிடைக்காத பொருள்கள். மூன்றாம் நாள் அந்தத் தாள் அரிசி டப்பாவுக்கு மூடியாகிவிட்டது.

1. மருத்துவரிடம் ஒரு முறை முழுமையாகப் பாருங்கள்

"கொஞ்சம் குண்டு" என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். எடை (கிலோ), உயரம் (மீட்டர்) இரண்டையும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. வரும். பெரியவர்களுக்கான எல்லைகளை இதற்குப் பொருத்தக் கூடாது. பிள்ளையின் வயது, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து எல்லை மாறும். இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் 5 முதல் 18 வயது வரை இந்த எல்லைக் கோடுகள் இருக்கின்றன. உங்கள் பிள்ளையின் புள்ளி எங்கே விழுகிறது என்று மருத்துவரிடம் கேட்டு, அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

கேட்காமல் விட்டுவிடக் கூடாத சில அறிகுறிகள்: கழுத்துப் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருப்பது, குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும், இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டுவது, அடிக்கடி தலைவலி, அதிகத் தாகமும் அடிக்கடி சிறுநீரும். கழுத்தின் கருமையை அழுக்கு என்று தேய்த்துக் காயப்படுத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம், சோப்பால் போகாது.

"தைராய்டுதான் காரணம்" என்பது பல வீடுகளில் ஆறுதலான நம்பிக்கை. தைராய்டு சுரப்பு குறைந்த பிள்ளைக்கு உயர வளர்ச்சியும் மந்தமாகும். வயதுக்கேற்ற உயரத்துடன் வளர்ந்துகொண்டே எடையும் ஏறினால், காரணம் பெரும்பாலும் வேறு. எதைச் சோதிப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு போன்றவற்றைப் பிள்ளை எடுத்துக்கொண்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சில மருந்துகள் எடையை ஏற்றும். நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

2. பிள்ளை இல்லாத நேரத்தில் பெரியவர்கள் கூடுங்கள்

பிள்ளை பள்ளிக்கோ டியூஷனுக்கோ போயிருக்கும்போது பேசுங்கள். மூன்று முடிவுகள் போதும்.

முதலாவது, மாற்றம் வீட்டில் எல்லோருக்கும் பொதுவானது. ஒல்லியான தங்கைக்கு சிப்ஸ், அண்ணனுக்குச் சுண்டல் என்று பிரித்தால் அன்றே திட்டம் முடிந்தது. அண்ணனுக்கு அது தண்டனையாகத் தெரியும்; தண்டனையை யாரும் ஆறு மாதம் தாங்க மாட்டார்கள். தங்கைக்குக் கூடுதல் ஊட்டம் வேண்டுமானால் ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ அதிகம் கொடுங்கள்.

இரண்டாவது, பட்டப் பெயர்கள் ஒழிய வேண்டும். "குண்டா", "பூசணி" எல்லாம் செல்லமாகத்தான் வருகின்றன. கேட்கிற பிள்ளைக்கு அப்படி இறங்குவதில்லை. கேலிக்கு ஆளாகும் பிள்ளை மறைந்து சாப்பிடும், விளையாட்டு மைதானத்தைத் தவிர்க்கும். கல்யாண வீட்டில் உறவினர் கன்னத்தைக் கிள்ளி ஏதாவது சொன்னால், "நன்றாக வளர்ந்துவிட்டான் சித்தப்பா" என்று பேச்சை மாற்றும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பாட்டி. அவருடைய காலத்தில் இளைத்த பிள்ளைதான் கவலை, கொழுகொழு பிள்ளை பெருமை. அவரிடம் நோய்களைப் பட்டியலிட்டுப் பயமுறுத்தினால், உங்கள் முன்னே தலையாட்டிவிட்டு முந்தானையில் முறுக்கை மறைத்துக் கொடுப்பார். அதற்குப் பதில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். மாலைச் சுண்டலும் கூழும் அவர் கையால்தான் என்று ஆக்கிவிட்டால், எதிர்க்கட்சி ஆளும்கட்சியாகிவிடும். என் அனுபவத்தில் இதைவிடப் பலித்த உபாயம் இல்லை.

பிறகு பிள்ளையிடம் சொல்வது ஒரே வாக்கியம்: "நம் வீட்டுச் சாப்பாட்டையும் விளையாட்டையும் எல்லோரும் சேர்ந்து மாற்றப்போகிறோம்." எடை என்ற சொல்லே வேண்டாம். பிள்ளையே கேட்டால் மறைக்காமல், சுருக்கமாகச் சொல்லுங்கள்.

3. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இந்த வாரத்தைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. குதிக்காதீர்கள். வீட்டில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அடைக்கப் பார்த்தால் இரண்டு வாரத்தில் களைத்துப்போவீர்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை: குடித்தவை அனைத்தும், இரண்டு சாப்பாட்டுக்கு இடையில் வாயில் போட்டவை, டிபன் பாக்ஸில் மிச்சம் வந்தது, வெளியே ஓடியாடிய நிமிடங்கள், திரை முன் உட்கார்ந்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம். இட்லி எத்தனை, சோறு எவ்வளவு என்பதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பெரியவர்களும் தங்களுடையதை எழுத வேண்டும். ஒரு தந்தை எழுதத் தொடங்கிய நான்காம் நாள்தான், பீரோவுக்குப் பின்னால் தான் வைத்திருந்த மிக்சர் டப்பா வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் என்பதை உணர்ந்தார்.

எண்ணெய் கேன் உடைக்கும் நாளில் பேனாவால் அதன் மேல் தேதி எழுதுங்கள். அடுத்த கேன் என்றைக்கு உடைகிறது என்று பார்த்தால் மாதக் கணக்கு கிடைத்துவிடும். தலைக்கு மாதம் அரை லிட்டரை ஒட்டி நிற்பது நல்ல இலக்கு. நான்கு பேர் வீட்டில் ஐந்து லிட்டர் போகிறது என்றால், பிள்ளையின் தட்டை ஆராய வேண்டியதே இல்லை.

4. மளிகைப் பட்டியலையும் பானங்களையும் மாற்றுங்கள்

வீட்டில் இருப்பதைத் "தொடாதே" என்று சொல்வது தினமும் பத்து சண்டை. வாங்காமல் விடுவது மாதம் ஒரே முடிவு. அதனால் முதல் மாற்றம் கடைச் சீட்டில்.

பானங்களிலிருந்து தொடங்குங்கள். குடிக்கிற சர்க்கரை வயிற்றை நிரப்புவதில்லை. குடித்த பிறகும் பிள்ளை வழக்கமான அளவே சாப்பிடும், அதனால் எடுத்துவிட்டால் பசியும் கூடாது. கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 250 மில்லி பாட்டில் ஒன்றில் ஐந்து தேக்கரண்டி. பாக்கெட் பழரசத்தின் அட்டையையும் திருப்பிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. பாலில் கலக்கும் சத்துமாவுப் பொடிகளின் அட்டையிலும் சர்க்கரை வரியைத் தேடுங்கள். தேடிய பெற்றோர் பலர் அந்த டப்பாவை மறுபடி வாங்கவில்லை.

பால் நாளுக்கு இரண்டு டம்ளர் போதும். சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். நீர்மோர், சீரகத் தண்ணீர், உப்பிட்ட எலுமிச்சை நீர், எப்போதாவது இளநீர். மண்பானையைப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

இந்தப் படிக்கு இரண்டு வாரம். வேறு எதையும் இதோடு சேர்க்க வேண்டாம்.

5. மாலை நான்கு மணியைப் பிடியுங்கள்

எந்த வீட்டு நோட்டைப் பிரித்தாலும் பெரிய ஓட்டை மாலை நான்கிலிருந்து ஏழு வரையில்தான் இருக்கிறது. மதிய இடைவேளை குறுகியது. எலுமிச்சைச் சாதம் ஆறி இறுகிவிடுகிறது. பாதி டிபன் திரும்பி வருகிறது. நான்கு மணிக்குக் கொலைப்பசியோடு வீட்டில் நுழைகிற பிள்ளைக்கு முதலில் கைக்கு எட்டுவது பிஸ்கட் டப்பா. ஐந்து மணிக்கு டியூஷன். போகிற வழியில் பேக்கரி, கையில் இருபது ரூபாய், ஒரு முட்டை பப்ஸ். ஏழு மணிக்கு வீடு திரும்பியதும் டீயும் வடையும். ஒன்பதரைக்குத் தோசை.

இதை "வாய் அடங்காத பிள்ளை" என்கிறோம். பசி தீர்மானிக்கிற நேரத்தில் யாருடைய வாயும் அடங்காது.

வரிசை இப்படி. முதலில் டிபன் பாக்ஸைச் சரிசெய்யுங்கள்: பத்து நிமிடத்தில் உண்ணக்கூடிய, ஆறினாலும் இறங்கக்கூடிய உணவு. சாம்பார் சாதம் சற்றுத் தளர்வாக, காய் அதிகமாக. உருளை வறுவலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றின் தம்பி. அடுத்து, பிள்ளை வந்து பத்து நிமிடத்துக்குள் சாப்பிட ஏதாவது தயாராக மூடியிருக்க வேண்டும்: கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறுச் சுண்டல் ஒரு கிண்ணம், வேகவைத்த வேர்க்கடலை, முட்டை, கொய்யா, காலை இட்லி மீந்திருந்தால் இரண்டு. பயறும் முட்டையும் ஏன்? புரதமும் நாரும் வயிற்றில் நின்று பேசும். பிஸ்கட் அரை மணியில் கரைந்து மறுபடி கேட்கும்.

மூன்றாவதாக, காசு. டியூஷன் பையில் தினக் காசு வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், வீட்டோடு சேர்ந்து, விருப்பப்பட்டதை வாங்கிச் சாப்பிடும் நாள் இருக்கட்டும். முழுத் தடை போட்ட வீட்டுப் பிள்ளைகள் நண்பன் வீட்டில் சேர்த்துவைத்துச் சாப்பிடுவார்கள். பரோட்டா சனிக்கிழமை வரும் என்று தெரிந்தால் செவ்வாய்க்கிழமை பொறுத்துக்கொள்வார்கள்.

6. இப்போது தட்டு

இங்கே ஒரு ஒப்பந்தம் வேண்டும். என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயிறு முடிவு செய்கிறது. "போதும்" என்ற பிறகு ஒரு கவளம் திணிப்பதும், "போதும் எழுந்திரு" என்று தட்டைப் பிடுங்குவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். இரண்டிலும் பிள்ளை தன் வயிற்றின் குரலைக் கேட்க மறந்துபோகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தொலைக்காட்சி முன்னால் ஊட்டிவிடுவதும் இதில் அடங்கும்.

மதியச் சோறு நம்மிடம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று. சுற்றுகளைக் குறைக்கச் சொன்னால் வீடே கலகம் செய்யும், குறைக்க வேண்டாம். சுற்றுக்கு ஒரே கரண்டிச் சோறு என்று வைத்து, இலையில் பொரியலும் கூட்டும் முதலில் விழட்டும். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ என்று கண்ணளவு பழகும் வரை நீங்களே பரிமாறுங்கள். காயும் பருப்பும் எத்தனை முறை கேட்டாலும் உண்டு. சோறு மறுபடி கேட்டால் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பரிமாறுங்கள். வயிறு நிறைந்த செய்தி மெதுவாகத்தான் வந்து சேரும். அதற்குள் பாதிப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள்.

தோசை தனிப் பிரச்சினை. கல்லிலிருந்து சூடாக ஒவ்வொன்றாக வந்து விழுவதால் எத்தனை என்று யாருக்கும் தெரியாது, அம்மா கடைசியில் தனியாகச் சாப்பிடுவார். எல்லோருக்கும் முதலில் சுட்டு அடுக்கிவிட்டு ஒன்றாக உட்காருங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் போகும், உண்மைதான். வாரத்தில் இரண்டு நாள் சூடான தோசைக்கு விதிவிலக்கு கொடுத்திருக்கிறேன்; எனக்கும் ஆறின தோசை பிடிக்காது.

7. அசைவு: பத்து நிமிடமாக ஏற்றுங்கள்

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் நோட்டில் பதினைந்து நிமிடம் என்று இருந்தால் நாளையே அறுபதுக்குத் தாவாதீர்கள். வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டினால் ஐந்தாவது வாரம் எட்டிவிடலாம். தொடர்ந்து ஒரே மூச்சில் ஆட வேண்டியதும் இல்லை: பஸ் நிறுத்தம் வரை நடை பதினைந்து, மாலை ஆட்டம் முப்பது, மாடிப்படியும் கடைக்கு ஓடுவதும் மீதி.

எடை கூடிய பிள்ளையைக் கயிறு தாண்டச் சொல்லித் தொடங்குவது வழக்கமான தவறு. முழங்கால் வலிக்கும், மூச்சு வாங்கும், மூன்றாம் நாள் வெறுப்பு வரும். நடை, சைக்கிள், நீச்சல், பந்து எறிதல் ஆகியவற்றிலிருந்து தொடங்கி, கோகோ, கபடி, சிலம்பம் பக்கம் பிறகு போகலாம். ஒரு மாதம் அப்பாவோ அம்மாவோ கூடவே ஆட வேண்டும். வேகமாக ஓடும் பிள்ளைகள் கூட்டத்தில் தனியாகத் தள்ளிவிட்டால், கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் அவமானம்தான் மிஞ்சும்.

பெண் பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்கு மேல் வீட்டாரே வாசற்கதவைச் சாத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு நேரமும் இடமும் துணையும் குறித்து நோட்டில் எழுதிவையுங்கள், எழுதாவிட்டால் நடக்காது. பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்களா என்று பிள்ளையிடம் கேட்டு, பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள்.

"ஜிலேபி தின்றாய் அல்லவா, பத்துச் சுற்று ஓடு" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஓட்டம் தண்டனையாகிவிட்டால் அப்புறம் காசு கொடுத்தாலும் ஓடாது.

8. திரையும் தூக்கமும்

இரண்டும் ஒன்றுதான்: கைபேசி படுக்கைக்குப் போனால் தூக்கம் போய்விடும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறரைக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதரைக்காவது கண் மூட வேண்டும். தூக்கம் குறைந்த மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். அதனால் ஒன்பதரைத் தோசை எட்டுக்கு நகர வேண்டும்; அதற்கு அப்பா கடையிலிருந்து வரும் வரை பிள்ளை காத்திருக்கும் வழக்கம் மாற வேண்டும். ஒன்பது மணிக்கு எல்லாக் கைபேசிகளும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். உங்களுடையதும்.

9. பாராட்டும் பரிசும்

செய்கையைப் பாராட்டுங்கள், எடையைப் பாராட்டாதீர்கள். "இந்த வாரம் ஐந்து நாள் ஆடப் போனாய்" என்பது பிள்ளையின் கையில் உள்ள விஷயம். எடை அதன் கையில் இல்லை. காலண்டரில் நட்சத்திரம் ஒட்டி, பத்து சேர்ந்தால் ஒரு பரிசு. பரிசு தின்பண்டமாகவும் கைபேசி நேரமாகவும் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று முடிவு செய்யும் உரிமை, புது பந்து, அப்பாவோடு வைகைக் கரையில் சைக்கிள் என்று எதுவாகவும் இருக்கலாம்.

10. எடை பார்க்கும் நாள்

பிள்ளைக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அதே இயந்திரத்தில், காலையில். உயரம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தினமும் ஏற்றி இறக்கினால் தண்ணீர் எடையைப் பார்த்து வீடு அழும் சிரிக்கும்.

வளரும் பிள்ளைக்கு எடை இறங்குவது பெரும்பாலும் இலக்கே இல்லை. ஒரு கணக்கு: 138 செ.மீ., 45 கிலோ; பி.எம்.ஐ. 23.6. ஒரு வருடத்தில் 6 செ.மீ. வளர்ந்து அதே 45 கிலோவில் நின்றால் 21.7. ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஆனால் நல்ல முன்னேற்றம். இந்தக் கணக்கைக் காட்டாததால் "மூன்று மாதமாக ஒன்றும் குறையவில்லை" என்று விலகிப்போன குடும்பங்கள் உண்டு, தவறு என்னுடையது. இப்போது முதல் சனிக்கிழமையே கரும்பலகையில் போட்டுவிடுகிறேன். ஏற்கெனவே மிக அதிக எடை உள்ள பிள்ளைக்கு மட்டும் இலக்கை மருத்துவர் தனியாக வகுப்பார்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு கிலோ என்று சரசரவென இறங்கினாலும், பிள்ளை வேளைகளைத் தவிர்த்தாலும், சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓடினாலும், உணவை ஒளித்துவைத்தாலும் திட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வாரக் கூட்டம் தொடரட்டும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமியின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 3 முதல் 12 மாதங்களுக்குள் குறைந்தது 26 மணி நேர நேரடி ஆலோசனையைப் பேசுகிறது. நமக்கு வெளிநோயாளி வரிசையில் கிடைப்பது பத்து நிமிடம். மீதியைச் சமையலறை மேடை முன்னால்தான் ஈடுகட்ட வேண்டும்.

11. தீபாவளி, கோடை விடுமுறை, சறுக்கல்

பண்டிகை மூன்று நாள். எடையை ஏற்றுவது அதற்குப் பிந்தைய மூன்று வாரம் அடுக்கில் இருக்கும் தூக்குச்சட்டிகள். பண்டிகை நாளில் பிள்ளையும் எல்லோரையும் போலச் சாப்பிடட்டும். நான்காம் நாள் மீதியைப் பங்கிட்டு அனுப்பிவிடுங்கள்.

கோடை விடுமுறையில் பள்ளி மணி இல்லாததால் எல்லா வேளையும் கலைகிறது. ஊருக்கு அனுப்பும் முன் தாத்தா, பாட்டியிடம் இரண்டே கோரிக்கை வையுங்கள்: பாட்டில் பானம் வேண்டாம், மாலை வெயில் தாழ்ந்ததும் வெளியே விடுங்கள். மூன்றாவது கோரிக்கை வைத்தால் முதல் இரண்டும் நடக்காது.

இரண்டு வாரம் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்காதீர்கள். நோட்டைத் திறந்து மூன்று நாள் எழுதிப் பாருங்கள், எந்தப் படி கழன்றது என்று தெரியும். அநேகமாக அது நான்கு மணிதான். அதை மட்டும் மாட்டிவிட்டுத் தொடருங்கள். ஆறு மாதம் முடிந்ததும் கூட்டத்தை மாதம் ஒரு முறை என்று தளர்த்தலாம். எண்ணெய் கேனில் தேதி எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.